மீட்டர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் பள்ளியில் 600 பேர் படிக்கிறார்கள். சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியர். மூன்று ஆண்டுகளாக ஓவியப் போட்டி, பேரணி, மரக்கன்று நடுதல் என்று செய்துவருகிறோம். நட்ட 50 கன்றுகளில் 6தான் மிஞ்சியிருக்கின்றன. "இதெல்லாம் செஞ்சா வெயில் குறைஞ்சிடுமா?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளை, 25 மாணவர்கள், கையில் பணம் சொற்பம். ஊருக்குப் பயன்படும்படி என்ன செய்யலாம்? உள்ளாட்சி மன்றத்திடம் போவதானால் எப்படிப் போவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த மாணவியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: வெயில் குறையாது. ஒரு பள்ளி என்னதான் செய்தாலும் உலக வெப்பநிலையில் அது தெரியப் போவதில்லை. தெரியக்கூடிய இடங்கள் வேறு. பள்ளியின் மின்கட்டணச் சீட்டு, குப்பைத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, பள்ளியைச் சுற்றி நாலு தெருவில் உள்ள நிழலும் வடிகாலும். இவை ஓராண்டுக்குள் மாறும், மாறியதை எண்ணால் காட்டவும் முடியும். மூன்று ஆண்டு வேலைக்குப் பிறகும் உங்கள் கையில் இல்லாதது அந்த எண்தான். அதனால்தான் அவள் கேள்விக்குப் பதில் வரவில்லை.

1994-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'எக்கோ-ஸ்கூல்ஸ்' என்ற பள்ளிகளுக்கான சுற்றுச்சூழல் திட்டத்தின் ஏழு படிகளைப் பார்த்தால் இது புரியும். முதலில் குழு, அடுத்து பள்ளியின் நிலையை ஆய்வு செய்தல், அதன் பிறகுதான் செயல்திட்டம். உங்கள் பள்ளி மட்டுமல்ல, பெரும்பாலான பள்ளிகள் இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்துப் பேரணியில் போய் நிற்கின்றன.

ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஓராண்டில் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை ஈர்ப்பதாகப் பொதுவாகக் கணக்கில் கொள்வார்கள். இனம், மண், மழை இவற்றைப் பொறுத்து இது வெகுவாக மாறும். முழங்கால் உயரக் கன்று ஈர்ப்பது கணக்கிலேயே வராது. இப்போது 75 வாட் மின்விசிறி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத வகுப்பறையில் அது நாளுக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் சுழன்றால் 30 யூனிட். நிலக்கரி மின்சாரமானால் யூனிட்டுக்கு 0.9 முதல் 1 கிலோ வரை கரியமில வாயு. ஆக, ஒரு விசிறியை நிறுத்தினால் ஒரு பெரிய மரத்தின் ஓராண்டு வேலை கைக்கு வந்துவிடுகிறது. இயற்கை எரிவாயுவில் வரும் மின்சாரமானால் யூனிட்டுக்கு 0.4 கிலோ அளவில், நீர், காற்று, சூரிய மின்சாரமானால் மிகச் சொற்பம். எனவே உங்கள் பகுதி மின்தொகுப்பின் சராசரி எண்ணை மின்துறையின் வெளியீட்டிலிருந்து எடுத்து, ஆண்டு முழுதும் அதையே பயன்படுத்துங்கள். நடுவில் எண்ணை மாற்றினால் சேமிப்பு எது, கணக்கு மாற்றம் எது என்று பிரிக்க முடியாது.

இதைச் சொல்வது மரம் வேண்டாம் என்பதற்காக இல்லை. மரத்தின் வேலை நிழல் தருவது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் மீட்டர் மட்டும் போதும். இரண்டு பேர் கொண்ட குழு நாளுக்கு இரண்டு முறை எண்ணைக் குறிக்கட்டும்: காலை முதல் மணிக்கு முன், மாலை கடைசி மணிக்குப் பின். வாரக் கடைசியில் பூட்டும்போதும், விடுமுறை முடிந்து திறக்கும்போதும் உள்ள எண் மிக முக்கியம். கண்ணாடி வழியே படித்தால் போதும், எந்தக் காரணத்துக்காகவும் மாணவர்கள் பெட்டியைத் திறக்கக் கூடாது.

தவறு நடக்கும் இடங்கள் இவை. மின்னணு மீட்டரின் திரையில் பல எண்கள் மாறி மாறி ஓடும். மின்னழுத்தம், உச்சத் தேவை, கிலோவோல்ட் ஆம்பியர் மணி எல்லாம் வரும். 'கிலோவாட் மணி' என்ற அலகோடு வருவதுதான் நமக்கு வேண்டிய யூனிட். இதை முதல் நாளே திரையின் படத்தோடு நோட்டில் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு எண்ணை எழுதிவரும். பெரிய இணைப்புகளில் மீட்டர் மின்சாரத்தை நேரடியாக அளக்காமல் மின்மாற்றிச் சுருள் வழியாக அளக்கும். அப்படியானால் படித்த எண்ணை 10, 20 என்று ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். அது மீட்டரிலோ கட்டணச் சீட்டிலோ இருக்கும். பள்ளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு இருந்தால் எந்த மீட்டர் எந்தக் கட்டடத்துக்கு என்று கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம். கூரையில் சூரியத் தகடு இருந்தால் மீட்டரில் வாங்கியது, கொடுத்தது என்று இரண்டு எண் இருக்கும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது இரவுக் கணக்கு. மாலை 5 மணிக்கு 4821, மறுநாள் காலை 8 மணிக்கு 4839 என்று வைத்துக்கொள்வோம். 15 மணி நேரத்தில் 18 யூனிட், அதாவது 1.2 கிலோவாட். யாருமே இல்லாத பள்ளியில் இரவு முழுக்க 16 மின்விசிறி ஓடுவதற்குச் சமம். ஆண்டில் பள்ளி பூட்டிக் கிடக்கும் நேரம் ஏறக்குறைய 7,000 மணி. அந்த 1.2 கிலோவாட்டில் பாதியை நிறுத்தினாலே ஆண்டுக்கு 4,200 யூனிட். பகலில் மாணவர்களைக் கெஞ்சி விளக்கணைக்க வைப்பதைவிட இது எளிது, ஏனென்றால் இதற்கு 600 பேரின் பழக்கம் மாற வேண்டியதில்லை. ஒரே ஒருவர் பூட்டும்போது நாலு சுவிட்சைத் தொட்டால் போதும்.

இரவில் எது ஓடுகிறது என்பதைத் தேடுவது மாணவர்களுக்குத் துப்பறியும் வேலை மாதிரி இருக்கும். வழக்கமாகப் பிடிபடுபவை குடிநீர்க் குளிரூட்டி, கணினி அறையின் யூ.பி.எஸ்., அணைக்காத நகல் இயந்திரம், வெளிவிளக்குகள். மேல்தொட்டியில் மிதவை கெட்டுப்போய் நிரம்பி வழிந்த பிறகும் ஓடும் மோட்டார் இருந்தால் மின்சாரத்தோடு தண்ணீரும் போகிறது. கண்காணிப்புக் கேமரா, தீ எச்சரிக்கைக் கருவி, மருந்தோ ஆய்வகப் பொருளோ இருக்கும் குளிர்பெட்டி ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று பட்டியல் எழுதி ஒட்டிவிடுங்கள். சர்க்யூட் பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்க வேண்டுமானால் அது மின்பணியாளர் செய்ய வேண்டியது, மாணவர்கள் தள்ளி நின்று மீட்டரை மட்டும் பார்க்கலாம்.

ஒரு கருவி எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தனி அளவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3,200 என்று இருந்து, 10 சிமிட்டலுக்கு 45 நொடி ஆனால் அந்த நேரத்துச் சுமை 250 வாட். கணக்கு இதுதான்: சிமிட்டல் எண்ணிக்கையை 36 லட்சத்தால் பெருக்கி, 3,200-ஐயும் நொடியையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். கருவியைப் போட்டு ஒரு முறை, அணைத்து ஒரு முறை. வித்தியாசம் அதன் சுமை. பெருக்கு எண் இருந்தால் இங்கேயும் பெருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் இதைவிட நல்ல செய்முறை கிடைப்பது கடினம். அந்தப் பாட ஆசிரியர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் உங்கள் ஒரு பாடவேளை மூன்றாகும்.

பகல் பயன்பாட்டுக்கு வருவோம். 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று ஒட்டிய தாளைப் பத்து நாளுக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. வகுப்பறையில் விளக்கும் விசிறியும் அணையாமல் இருப்பதற்கு அக்கறையின்மையைவிடச் சின்னக் காரணம் ஒன்று உண்டு: பலகையில் 8 சுவிட்ச் இருக்கும், எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் எண் ஒட்டி, அதே எண்ணை விசிறியின் அடியிலும் விளக்குச் சட்டத்திலும் ஒட்டுங்கள். ஜன்னலோர விளக்குகளுக்கு மட்டும் வேறு நிறம். அறையை விட்டுக் கடைசியாக வெளியேறுபவர் யார் என்பதைக் கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். பிறகு இரண்டு வாரம், இடைவேளையில் இருவர் சுற்றிவந்து ஆளில்லாமல் ஓடுபவற்றை எண்ணட்டும். எந்த வகுப்பு மோசம் என்று பலகையில் எழுதி அவமானப்படுத்த வேண்டாம், அடுத்த வாரமே யாராவது எண்ணைத் திருத்துவார்கள். பள்ளி முழுக்கச் சேர்த்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.

பணம் கிடைத்தால் எதை முதலில் மாற்றுவது? பழையதை அல்ல, அதிக நேரம் ஓடுவதை. பழைய 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறி போட்டால் மிச்சம் 45 வாட். நாளுக்கு 6 மணி நேரம், 200 நாள் ஓடும் வகுப்பறையில் அது 54 யூனிட். 9 மணி நேரம், 300 நாள் ஓடும் அலுவலகத்தில் 121 யூனிட். எனவே அலுவலகமும் ஆசிரியர் அறையும் முதலில். பழைய சோக் வைத்த 36 வாட் டியூப்லைட் சோக்கையும் சேர்த்து 45 வாட்டுக்கு மேல் இழுக்கும், எல்.இ.டி. டியூப் 18 முதல் 20 வாட். பழைய சட்டத்திலேயே எல்.இ.டி. டியூபைப் பொருத்துபவர்கள் சோக்கை அப்படியே விட்டுவிட்டால் அது தன் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும், விளக்கும் சீக்கிரம் போகலாம். சோக்கைக் கழற்றச் சொல்லிக் கேளுங்கள். ஏ.சி. இருக்கும் அறைகளில் ஒரு டிகிரி உயர்த்திவைத்தால் அதன் மின்செலவில் 6 சதவீதம் அளவுக்குக் குறையும்.

சேமிப்பைக் கணக்கிடும்போது மாதக் கட்டணத்தைச் சென்ற மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். தேர்வு மாதமும் விளையாட்டு விழா மாதமும் ஒன்றல்ல. வேலைநாள் ஒன்றுக்கு எத்தனை யூனிட் என்று கணக்கிட்டு, சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கோடை கடுமையாக இருந்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

இரண்டாவது பருவத்தில் உணவுக் கழிவு. ஐந்து நாள் எடை போடுங்கள், மூன்று வாளிகளில்: சமையலில் கழித்துப் போட்டது, பரிமாறாமல் மிஞ்சியது, தட்டில் மிச்சம் வைத்தது. மூன்றையும் ஒன்றாகக் கொட்டி எடை போட்டால் ஒன்றும் விளங்காது, ஏனென்றால் மூன்றுக்கும் காரணம் வேறு. பரிமாறாமல் மிஞ்சுவது வருகைக் கணக்குச் சமையலறைக்குப் போய்ச் சேராததால். தட்டில் மிஞ்சுவது முதல் தடவையே நிறையப் போடுவதால், அல்லது சாப்பிட நேரம் போதாததால். முதலில் பாதி அளவு, கேட்டால் மறுபடியும் என்ற ஒரே மாற்றத்தை இரண்டு வாரம் செய்து மறுபடி எடை போடுங்கள். உரமாக்குவதைவிட மிச்சமே இல்லாமல் செய்வது மேல். அந்த உணவை விளைவிக்கவும் கொண்டுவரவும் சமைக்கவும் எரித்தது உரக்குழியில் திரும்பி வராது.

மிஞ்சியதை உரமாக்கத்தான் வேண்டும். குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பள்ளிகளில் உரத்தொட்டி பெரும்பாலும் மூன்றாம் வாரம் நாறி, ஐந்தாம் வாரம் மூடப்படும். காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே: காய்ந்த இலை போதாது. ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி காய்ந்த இலை வேண்டும். இது எடைக்கணக்கு அல்ல, கொள்ளளவுக் கணக்கு. உங்கள் பள்ளிக்குப் போட்டுப் பார்ப்போம். தலைக்கு 20 கிராம் என்றால் 600 பேருக்கு நாளுக்கு 12 கிலோ, அதாவது ஏறக்குறைய 25 லிட்டர். இலை 60 லிட்டர். ஐந்து நாளில் 425 லிட்டர். ஒரு கன மீட்டர் தொட்டி என்பது 1,000 லிட்டர். குவியல் அமுங்கிக்கொண்டே போவதால் நாலு வாரத்தில் நிரம்பும், நிரம்பியது பக்குவமாக இன்னும் இரண்டு மாதம். ஆகவே மூன்று தொட்டி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஒற்றைத் தொட்டி வாங்கிய பள்ளி நிரம்பியதும் நிறுத்திவிடும். ஒரு கன மீட்டருக்குக் குறைவான குவியல் தன் சூட்டைத் தக்கவைக்காது, சிறியதாகச் செய்தால் மெதுவாகத்தான் மட்கும்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சியும் கரடுமுரடான தழையும் போடுங்கள், காற்று உள்ளே போவதற்கு. பிறகு ஈரக் கழிவு, உடனே அதன்மேல் இலை. கழிவு கண்ணில் படக் கூடாது, பட்டால் ஈ வரும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு துளி மட்டும் கசிய வேண்டும். தண்ணீர் ஒழுகினால் இலை சேருங்கள், பொலபொலவென உதிர்ந்தால் தெளியுங்கள். நிரம்பிய சில நாளில் உட்சூடு 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். வாரம் ஒரு முறை புரட்டுங்கள். மூக்கே இங்கு நல்ல கருவி: அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றில்லை, ஈரம் அதிகம், கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி என்றால் ஈரக் கழிவு அதிகம், இலை குறைவு, எறும்பு புற்று வைத்தால் காய்ந்துவிட்டது, நாற்றமும் இல்லை சூடும் இல்லை என்றால் வறண்டிருக்கிறது, அல்லது குவியல் சிறியது. இறைச்சி, பால், எண்ணெய் மிதக்கும் உணவு இவற்றை முதல் ஆண்டில் சேர்க்க வேண்டாம். இலை ஆண்டு முழுக்க உதிராது. உதிரும் காலத்தில் கூட்டி, காற்றோட்டமுள்ள சாக்குகளில் சேமித்துவையுங்கள். வளாகத்தின் மூலையில் சருகை எரிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் இதோடு நின்றுவிடும். நீண்ட விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே புதுக் கழிவு சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். பக்குவமானதா என்று பார்க்க, உரத்தோடு சம அளவு மண் கலந்து ஒரு சட்டியிலும் வெறும் மண்ணை ஒரு சட்டியிலும் பத்துப் பத்து விதை போடுங்கள். உரச் சட்டியில் முளைப்பு குறைந்தால் இன்னும் ஆகவில்லை.

பள்ளி வாகனங்கள் பற்றி ஒரு வரி. வாசலில் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும் டீசல் பேருந்து ஒரு மணி நேரத்தில் 2 லிட்டர் அளவுக்கு எரிக்கும். லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு, அதைவிட முக்கியம் குழந்தைகள் மூக்கருகே புகை. எத்தனை வண்டி, எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளோடு தலைமை ஆசிரியரிடம் போங்கள். சுற்றறிக்கை ஒன்றில் முடிகிற வேலை.

இனி பள்ளிக்கு வெளியே. உள்ளாட்சி மன்றத்திடம் நிதி, பொறியாளர், வரைபடம் எல்லாம் இருக்கலாம். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, நடப்பவர்களுக்கு எவ்வளவு சூடு, மழை நின்று எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. இதே தெருக்களில் தினமும் காலையும் மாலையும் நடக்கும் 600 பேர் உங்களிடம் இருக்கிறார்கள். பள்ளி ஊருக்குக் கொடுக்கக்கூடியவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

வெப்ப அளவீட்டில் குழப்பம் வருவது ஒரே இடத்தில்: காற்றின் வெப்பம் வேறு, தரையின் வெப்பம் வேறு. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிட 20 டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கலாம். மாணவர்கள் அதைப் படித்துவிட்டு 'எங்கள் தெருவில் 60 டிகிரி' என்று எழுதினால் முதல் பொறியாளரே தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். காற்றை அளக்கும் வெப்பமானி நிழலில், தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், காற்று புகும் வெள்ளைக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு படிக்கக் கூடாது. மேற்பரப்பை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி. பளபளக்கும் உலோகத்தின்மேல் அது பொய் சொல்லும். தகரக் கூரையானால் ஒரு துண்டு காகித ஒட்டுநாடா ஒட்டி, சிறிது நேரம் விட்டு அதன்மேல் படியுங்கள். அருகே நின்று நேராகப் பிடியுங்கள், தள்ளி நின்றால் அது அளக்கும் வட்டம் பெரிதாகிப் பக்கத்துச் சுவரையும் சேர்த்துக்கொள்ளும்.

தொடங்குமுன் காற்று வெப்பமானிகளைச் சரிபார்க்க வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, நீரில் முக்கக்கூடிய வெப்பமானியை அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். முக்க முடியாதவற்றை அருகருகே ஒரு மணி நேரம் நிழலில் வைத்து, எது எவ்வளவு கூடுதல் என்று எழுதிவிடுங்கள். பிறகு வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழிகளில் 12 இடங்கள்: பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், மரநிழல், வெட்டவெளி, கூரைத் தகரத்தின் கீழ். காலை 9, பகல் 1, மாலை 4 என்று பத்து நாள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை படித்து நடு எண்ணை எடுங்கள். ஒரு சுற்றை அரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குமேல் போனால் இடத்தின் வேறுபாட்டை அளக்கிறோமா, நேரத்தின் வேறுபாட்டை அளக்கிறோமா என்று தெரியாது. மேகம் இருந்ததா, காற்று அடித்ததா என்றும் ஒரு பத்தி. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாளில் பகல் சுற்றை விட்டுவிடுங்கள். மாணவர்களை மயக்கம் போட வைத்து எடுக்கும் எண் யாருக்கும் வேண்டாம்.

மழைக்கு இன்னும் எளிது. நேர்ப்பக்கமுள்ள, அடி தட்டையான ஒரு பாத்திரமும் அளவுகோலும் போதும். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செய்வதானால் வளைந்த அடியில் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, நேர்ப்பக்கம் தொடங்கும் இடத்தில் பூஜ்யக் கோடு போட வேண்டும். பெரும்பாலும் இதை மறந்துவிட்டு, முதல் மழையையே அதிகமாக அளந்துவிடுகிறார்கள். பக்கத்தில் 5 மீட்டர் உயரச் சுவர் இருந்தால் 10 மீட்டர் தள்ளி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 400 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர், கசிவும் ஆவியும் போக 8,000 லிட்டராவது கிடைக்கும். தூசியும் எச்சமும் கலந்த முதல் ஒரு மில்லிமீட்டரை, அதாவது 400 லிட்டரை, வெளியே விட வழி வைக்காத தொட்டி ஒரே பருவத்தில் சேறாகும். தெருவில் தண்ணீர் நிற்கும் இடங்களை வரைபடத்தில் குறிக்கும்போது ஆழம் எத்தனை செ.மீ., மழை நின்று எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, அந்த நாளின் மழை எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது தரவு. ஓடும் வெள்ளத்தின் அருகிலோ வடிகால் மூடிக்குப் பக்கத்திலோ யாரும் போக வேண்டாம். மழைக்கு முன்பே சுவரிலும் கம்பத்திலும் அளவுக்கோடு வரைந்துவைத்தால் தள்ளி நின்றே படிக்கலாம்.

இத்தனையும் கையில் வந்த பிறகு உள்ளாட்சி மன்றத்திடம் போங்கள். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. 'காலநிலை மாற்றத்துக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் நன்றி சொல்லிக் கோப்பில் வைப்பார்கள். 'இந்த மூன்று நிறுத்தங்களில் பகல் 1 மணிக்கு நிழல் இல்லை, பத்து நாள் அளவு இது, காத்திருப்பவர்கள் இத்தனை பேர், இந்த ஆண்டு இதில் ஒன்றுக்காவது கூரை வேண்டும்' என்றால் பதில் எழுதியே ஆக வேண்டும். கேட்பது அந்த மன்றத்தின் அதிகாரத்துக்குள் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள், நெடுஞ்சாலை வேறு துறையிடம் இருந்தால் கடிதம் அங்கேதான் போக வேண்டும். வரவுசெலவுத் திட்டம் முடிவாவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே கொடுங்கள். முடிந்த பிறகு போனால் எல்லோரும் அன்பாகத்தான் பேசுவார்கள், பணம் மட்டும் இருக்காது. மாணவர்கள் பேசட்டும், ஆனால் ஒவ்வொருவரும் தான் அளந்ததை மட்டும் பேசட்டும். படம் எடுத்துக்கொள்ள அழைப்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், அதே நாளில் பதிலை எப்போது எதிர்பார்க்கலாம் என்று தேதியும் கேட்டு நோட்டில் குறியுங்கள். கூரை வந்துவிட்டால் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி பத்து நாள் அளந்து அனுப்புங்கள். இதைச் செய்தால் அடுத்த கடிதம் மேசையில் மேலே இருக்கும்.

தலைமை ஆசிரியர் 'இது பாடத்துக்கு வெளியே உள்ளது' என்றால் ஒன்றைச் சுட்டலாம்: 1992-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவும், 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவும் கல்வி, பயிற்சி, மக்கள் பங்கேற்பு பற்றியவையே. ஆனால் என் கணிப்பில், இரவு மின்கணக்கைக் காட்டுவது இதைவிட வேகமாக வேலை செய்யும்.

கடைசியாக உங்கள் 44 கன்றுகள். பள்ளிக் கன்றுகள் சாவது பெரும்பாலும் நீண்ட விடுமுறையில். எனவே எத்தனை நடலாம் என்பதை, விடுமுறையில் எத்தனைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது என்பதே முடிவு செய்யட்டும். வறண்ட நாட்களில் கன்றுக்கு 10 முதல் 15 லிட்டர், வாரம் இரண்டு முறை, முதல் இரண்டு ஆண்டு. இரண்டு பேருக்கு ஒரு கன்று என்றால் 25 பேருக்கு 12. இருக்கும் 6 போக இந்த ஆண்டு 6 மட்டும் நடுங்கள். குழி, வேர்ப்பந்தைப்போல் (வேரும் அதைச் சுற்றிய மண்ணும்) இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழம் வேர்ப்பந்தின் உயரம் மட்டும். ஆழமாகத் தோண்டி மண் நிரப்பினால் அது அமுங்கி, தண்டின் அடி புதைந்து அழுகும். பையைக் கிழித்ததும் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால் பிரித்துவிடுங்கள், முற்றியதை வெட்டுங்கள். சுற்றிய வேர் பின்னாளில் மரத்தையே நெரிக்கும். மண்ணை மூடும் சருகு மூடாக்கு 5 முதல் 8 செ.மீ., தண்டைத் தொடாமல். பள்ளியின் உரம் இங்கே மேல்மண்ணோடு கலந்து போகலாம்.

எங்கே நடுவது என்பதை வெப்ப வரைபடம் சொல்லும். பொதுவாக, பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவருக்கு வெளியே நட்டால் அந்தப் பக்கத்து வகுப்பறைகளுக்குச் சூடு குறையும். பெரிதாக வளரும் இனமானால் சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளி, மின்கம்பிக்கு அடியில் இல்லாமல், அந்த மண்ணில் தானாக வளரும் இனங்களிலிருந்து தேர்ந்தெடுங்கள். வளர்ந்த மரம் ஏதும் வளாகத்தில் இருந்தால், அதைச் சுற்றிச் சிமென்ட் பூசாமல் பார்த்துக்கொள்வது புதுக் கன்று பத்தைவிடப் பெரிய காரியம்.

உங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தில் இரண்டு வகுப்பினரைச் சேருங்கள், பாதிப் பேர் கீழ் வகுப்பிலிருந்து. மீட்டர் எண், கழிவு எடை, வெப்பம், மழை நான்கையும் கெட்டி அட்டை போட்ட ஒரே நோட்டில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும், அழிப்பானும் வெள்ளை மையும் கூடாது. ஆண்டு முடிவில் அந்த நோட்டை அடுத்த குழுவிடம் ஒப்படைக்கும் வேலையை வெயில் குறையுமா என்று கேட்ட மாணவிக்கே கொடுத்துப் பாருங்கள்.